அபூதாஹிர் ஹாஜியார் வீட்டின் இரண்டாம் ஆட்டம்

கிண்ணியாவில் அபூதாஹிர் ஹாஜியாரின் இரண்டு மகள்மாரும் குடியிருக்கும் மாடிவீடு ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன் ஆடத் தொடங்கியது. மூன்று வருடமும் நான்கு மாதமும் கழிந்த பின்னும் அது நிற்கவில்லை. அன்று நிலம் அதிர்ந்தது உண்மை. பன்னிரண்டு விநாடி அதிர்ந்தது. பேக்கரி அலுமாரியில் போத்தல்கள் கிணுகிணுத்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்துக்கு இறக்கப்பட்டார்கள், சந்தைச் சுவரில் தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று விழுந்தது. மற்ற வீடுகளெல்லாம் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டன. ஹாஜியார் வீடு மட்டும் நான்கு விநாடிக்கு ஒரு தடவை, தூங்குகிறவர் மூச்சுவிடும் நிதானத்தில், போய்ப் போய் வந்தது. முதல் மாதம் மூதூரிலிருந்தும் வள்ளத்தில் ஆட்கள் பார்க்க வந்தார்கள். இரண்டாம் மாதம் நோன்பு பிறந்தது. பிறகு யாரும் வரவில்லை.

ஆட்டத்திலும் ஒரு முறை இருந்தது. கீழ்வீட்டில் மூத்தவள் பரீதா, மேல்வீட்டில் இளையவள் ரிஸ்னா. பரீதாவின் கூரையும் ரிஸ்னாவின் தரையும் ஒரே கொங்கிறீற் தட்டுத்தான். அந்தத் தட்டு கடல் பக்கம் நாலு அங்குலம் போகும்போது, ரிஸ்னாவின் கூரை எதிர்ப்புறத்துக் களப்புப் பக்கம் இரண்டரை அங்குலம் போகும். பிறகு இரண்டும் திரும்பி, மறுபடி எதிரெதிர்த் திசையில் விலகும். கீழே தரை அசையாது, சுவர்தான் சாயும். ஆகையால் பரீதா கதவுகளைச் சாத்துவதற்கு, சட்டம் நிமிர்ந்து வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து, சட்டென்று தள்ளப் பழகிக்கொண்டாள். மேலே தரையே நகரும். ரிஸ்னாவின் பிள்ளைகள் இரண்டும் வள்ளக்காரர் போலக் காலை அகட்டி நடந்தார்கள். அடுப்பில் கறிச்சட்டி முக்கால் பங்குக்கு மேல் நிரப்பப்படுவதில்லை. இவை தவிர வேறு சிரமம் இல்லை என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது.

பரீதா தையற்காரி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. புருஷன் பக்கீர் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். வாய் சும்மா இராத மனிதர். "மேல் ஒரு பக்கம், கீழ் ஒரு பக்கம். வீட்டுக்காரிகளப் பாத்துத்தான் வீடும் பழகியிருக்கு" என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து சொன்னார். "உங்கட வாய்க்கு ஒரு பிரேக் பூட்டேலாதா? ஊர் எஞ்சினெல்லாம் நிப்பாட்டத் தெரியுது" என்றாள் பரீதா. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மருமகனை எடுப்பார்கள். ஹாஜியாரும் பரீதாவின் கல்யாணத்துக்குக் கீழ்வீட்டைக் கட்டினார். ரிஸ்னாவுக்கு அப்போது பத்து வயது. நாளைக்கு அவளுக்கு மேலே கட்டலாம் என்று எட்டுத் தூண்களின் கம்பிகளையும் கூரைக்கு மேல் நாலடி உயரத்துக்கு விட்டுவைத்தார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். கூரையில் கம்பி நிற்கிற வீட்டில் இன்னும் கட்டிக்கொடுக்காத குமர் இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியும். அந்தக் கம்பிகள் பதினொரு வருடம் உப்புக்காற்றில் நின்றன. பரீதா அவற்றில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டாள். ரிஸ்னாவின் மாப்பிள்ளை ஹஸ்மி கட்டாரில் வேலை செய்கிறவன். கல்யாணம் பேசி முடிந்ததும் துருவைத் தட்டிவிட்டு அந்தக் கம்பிகளிலேயே மேல்மாடி ஏற்றப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டபடி படி வெளியே வைக்கப்பட்டது, மேலே போகிறவர்கள் பரீதாவின் மண்டபத்துக்குள்ளால் போகத் தேவையில்லாதபடி. பரீதாவுக்கு அது அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

ஹாஜியார் கடைசி நாட்களை மேல்வீட்டில் கழித்து அங்கேயே மௌத்தானார். பரீதா கீழே மண்டபத்தைக் கழுவி, கதிரைகளை வெளியே எடுத்து, பாய்களை விரித்து, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிட்டு இருந்தாள். தான் பிறந்ததிலிருந்து வாப்பா என்று கூப்பிட்ட மனிதர் கடைசியாக ஒரு அரை மணித்தியாலம் தன் வீட்டுக்குள் இருப்பார் என்பது அவளுடைய எண்ணம். வெளிப்படியில் பல கால்கள் இறங்கும் சத்தம் கேட்டது. வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு நேரே தெருவுக்குப் போனது, தெருவிலிருந்து அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போனது. அவள் பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். அன்றிலிருந்து தங்கச்சியோடு அவளுக்குக் கதை பேச்சு இல்லை. பதினொரு மாதம் கழித்து நிலம் அதிர்ந்தது.

நான்காவது மாரிக்கு முந்திய புரட்டாதியில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. ஆடும் கட்டடத்தை அளந்து அறிக்கை தர ஒருவர் அனுப்பப்படுவார். அறிக்கை பாதகமாயின் மேல்மாடி இடித்து இறக்கப்படும். வந்தவள் நிருசா, உப்புவெளிப் பிள்ளை, கட்டடங்களின் அதிர்வை அளக்கும் எஞ்சினியர். சோற்றுப் பெட்டி அளவில் மூன்று கருவிகள் கொண்டுவந்து ஒன்றை நிலத்திலும், ஒன்றை நடுத்தட்டிலும், ஒன்றை மொட்டைமாடியிலும் வைத்தாள். நான்கு நாள் காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் போனாள். முதல் நாளே அவளுக்கு ஒன்று விளங்கியது: இவ்வளவு மெதுவான ஆட்டம் நாற்பது மாடிக் கட்டடத்துக்கு உரியது, இரண்டு மாடிக்கு வரவே ஏலாது. பற்றரியை மாற்றிப் பார்த்தாள். பிறகு கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை பரீதா அவளுக்குப் பாலில்லாத பிளேன்டி கொடுத்துவிட்டு எதிரில் இருந்தாள். "மிஸ், ஒளிக்காமச் சொல்லுங்க. விழுமா?"

"இரண்டு மாடி வீட்டுக்கு இந்தப் பக்கவாட்டில இரண்டு விதமான ஆட்டம்தான் அக்கா. எப்பிடிக் குலுக்கினாலும் அந்த இரண்டும் கலந்ததாத்தான் இருக்கும். முதலாம் ஆட்டத்தில கீழ்த்தட்டும் மேல்கூரையும் ஒரே பக்கம் போய் ஒண்டா வரும். இரண்டாம் ஆட்டத்தில எதிரெதிராப் போகும். நிலம் ஆடினால் வீடுகள் முதலாவதைத்தான் கூட வாங்கும், இரண்டாவது கொஞ்ச நேரத்தில செத்துப்போகும். உங்கட வீட்டில பத்தில ஒன்பது பங்கு இரண்டாவது. அது ஏன் எண்டு எனக்குத் தெரியாது."

பரீதாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் நாடாவைக் கழுத்தில் சரிசெய்தாள்.

"எதிரெதிராப் போனா மேல்வீட்டுத் தூண்தான் கூட முறுகும்" என்றாள் நிருசா. "அந்தத் தூண் தொடங்குற இடத்திலதான் பழைய கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு. இந்த மாரி தாங்காது. மேல்மாடிய இறக்கச் சொல்லித்தான் எழுத வேணும்."

"இறக்கினா கீழ்வீடு?"

"கீழ்வீட்டுக்கு ஒண்டும் ஆகாது. ஆட்டமும் நிண்டுபோகும்."

நாலு வருடமாகத் தான் எதை வேண்டியிருந்தாளோ அது ஒரு பிளேன்டிக் கோப்பையின் தூரத்தில் வந்து நிற்பதைப் பரீதா கண்டாள். இடித்தால் ரிஸ்னா பிள்ளைகளோடு ஹஸ்மியின் தாய்வீட்டுக்கு, தோப்பூருக்குப் போகவேண்டும். சொந்த வீடில்லாத பெண்ணாக, இன்னொருத்தியின் குசினியில் அடுப்படியில் நிற்கவேண்டும். தலைக்கு மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது, கடல் பக்கமாகச் சரிந்து, பிறகு களப்புப் பக்கமாக. அந்தச் சத்தத்தை வைத்தே எது பெரியவன், எது சின்னவள், யாருக்குக் காலில் செருப்பு இருக்கிறது என்று சொல்ல அவளால் முடியும்.

"ஒரே பக்கமா ஆடினா?"

நிருசா கணக்கைப் பார்த்தாள். "அந்த இடத்தில முறுகல் நாலில ஒரு பங்குக்கும் குறைஞ்சிடும். தூணைச் சுத்திப் புதுக்கம்பி போட்டுக் கொங்கிறீற் பூசினால் காலத்துக்கும் நிக்கும். ஆடினாலும் பரவாயில்ல. ஆனா அக்கா, வீட்டைக் கேட்டுக்கொண்டு மாத்தேலாது."

"நீங்க மேல போய்ப் பொட்டியப் பாருங்க மிஸ்" என்றாள் பரீதா.

நிருசா மொட்டைமாடிக்குப் போனதும் அவள் வெளிப்படியில் ஏறினாள். பதினேழு படி. படி கட்டின நாளிலிருந்து அவள் எண்ணி வைத்திருந்தாள், வாப்பா மேல்வீட்டுக்குப் போன பிறகு நாளுக்கு இரண்டு தரம் ஏறியுமிருந்தாள்; கால் இன்னும் மறக்கவில்லை. மேலே தட்டு அவளை மெதுவாகக் கடல் பக்கம் கொண்டுபோனது. கதவில் தட்டினாள். உள்ளே செருப்புச் சத்தம் வந்து கதவடியில் நின்றது. சாவித் துவாரத்தில் ஒரு கண் வந்து போயிருக்க வேண்டும்.

"பொறு ராத்தா" என்றது ரிஸ்னாவின் குரல். "இப்ப தொறக்க ஏலாது. சட்டம் சரிஞ்சிருக்கு. அடுத்த ஆட்டத்துக்கு வரும்."

நாலு வருடமும் மூன்று மாதமும் கழித்துத் தங்கச்சி சொன்ன முதல் வார்த்தை அதுதான். பரீதா கதவைப் பார்த்தபடி நின்றாள். பூசாத பலகை, ஓரத்தில் பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்.

"நான் பாய் விரிச்சிட்டு இருந்தன்டி" என்றாள்.

சட்டம் நிமிர்ந்து வந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடி சரிந்தது, மறுபடி நிமிர்ந்தது. மூன்றாவது தரம் திறந்தது. ரிஸ்னாவின் கையில் அரிசிமா ஒட்டியிருந்தது.

"தெரியும் ராத்தா. ஊதுபத்தி வாசம் மேல வந்தது. பின்னேரம் அசருக்கு முந்தி அடக்கோணும் எண்டு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. இறக்கி ராத்தாட வீட்டுல வையுங்க எண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இத்தன ஆம்பிளைகளுக்கு முன்னால வாய் வரல்ல. அதுக்குப் பிறகு உன்ட முகத்தப் பாக்க வெக்கமாப் போச்சு."

"வெக்கப்பட நாலு வருசமா எடுத்த?"

"நீ மட்டும் என்ன, படி ஏற நாலு வருசம்தானே."

பரீதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது. நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். ரிஸ்னா மாக்கையோடு அவளைக் கட்டிப்பிடித்ததில் சட்டையின் முதுகில் இரண்டு வெள்ளைக் கை பதிந்தது. அந்த நேரம் மொட்டைமாடியில் கருவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நிருசா, உடம்பு களப்புப் பக்கம் சாய ஆயத்தமானபோது வீடு தன்னைக் கடல் பக்கம் எடுத்துப்போவதை உணர்ந்து கையை ஊன்றிக்கொண்டாள். பதிவு அவளிடம் இருக்கிறது. காலை பத்து நாற்பதுக்கு இரண்டாம் ஆட்டம் மெலியத் தொடங்கி, இருபத்தொரு போய்வரலில் இல்லாமற் போனது. முதலாம் ஆட்டம் அதே நிதானத்தில் தொடர்ந்தது. அவள் ஒரு மணித்தியாலம் காத்திருந்து பார்த்துவிட்டு அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். கட்டடம் ஆடுகிறதா என்ற இடத்தில் "ஓம்" என்று எழுதினாள். குடியிருக்கத் தகுமா என்ற இடத்திலும் "ஓம்" என்று எழுதி, கீழே தூண்களைப் பலப்படுத்தும் விதத்தை ஒன்றரைப் பக்கத்தில் விவரித்தாள். மேலதிகாரி அதை வாசித்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்பமிட்டார்.

தூண்களுக்குப் புதுக்கம்பி கட்டிய ஐந்து வாரமும் ரிஸ்னாவும் பிள்ளைகளும் கீழ்வீட்டில் இருந்தார்கள். மாரி வந்தது, வழமையைவிடப் பலமாகப் பெய்தது, வீடு அதற்குள்ளால் ஆடிக்கொண்டே போய் வெளியே வந்தது. அக்காவின் கூரையும் தங்கச்சியின் கூரையும் இப்போது சேர்ந்து கடலுக்குப் போகின்றன, சேர்ந்து களப்புக்கு வருகின்றன.

மாசி மாதம் ஹஸ்மியின் ராத்தாவின் மகளின் கல்யாணத்துக்குச் சகோதரிகள் இருவரும் தோப்பூருக்குப் போனார்கள், இரண்டு நாள் நிற்கும் உத்தேசத்தோடு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சரிந்தபோது இருவருக்கும் தலை சுற்றியது. பரீதா எழும்பி இருந்தாள். ரிஸ்னாவும் எழும்பி இருந்தாள். சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"என்ன ராத்தா வீடு இது?" என்றாள் ரிஸ்னா மெதுவாக.

"வா போவம்" என்றாள் பரீதா. மூன்று மணி பஸ்ஸில் திரும்பினார்கள்.