அக்காவின் இரட்டை ஊர்

அப்பாவின் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் அடித்தது. தோளால் காதோடு இடுக்கிக்கொண்டான். அக்காதான், மின்சார ஆபீஸின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து.

"டேய், இந்த வெயில்ல லோடு தாங்கல. ஒரு லைனை நிறுத்தப்போறோம். அது பின்னாடி தெரு. நம்ம வீடு வேற லைன், பயப்படாத."

பயப்படாமல் என்ன செய்வது? கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாற்று சிலிண்டர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. கடைக்காரன் இதோ அதோ என்று இழுத்தடிக்கிறான். கரண்ட் போனால் அப்பா மூச்சுக்குத் தவித்தே போய்ச் சேருவார். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவிக்காமல் போகட்டும், அக்கா வரும்வரை இருக்கட்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. இப்படிப்பட்ட நாளில்கூட லீவு போடாமல் அவளுக்கு என்ன வேலை வேண்டிக்கிடக்கிறது!

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. உங்க பொண்ணு ஊரைக் காப்பாத்துறாளாம்."

கம்பி, டிரான்ஸ்பார்மர், வீட்டு மீட்டர் என்று ஒன்று விடாமல், ஊர் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஊராகக் கட்டிவைத்திருந்தாள் அக்கா. டிஜிட்டல் இரட்டை என்று பெயர். எந்தச் சுவிட்சைத் தொடுவதானாலும் முதலில் அங்கே தொட்டுப் பார்ப்பார்கள்.

"அந்த ஊர்லயும் எனக்கு மூச்சு வாங்குதாம்மா?" என்று அப்பா அவளைக் கலாய்ப்பார்.

"வாங்குதுப்பா. ஆக்சிஜன் மெஷின் இருக்கற வீடுன்னு குறிச்சு வச்சிருக்கேன்" என்பாள்.

போன் மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அக்காதான்.

"நிறுத்தலடா. நல்லவேளை, நிறுத்தல. நம்ம வீடு அந்த லைன்லதான் இருக்கு."

"வேற லைன்னு சொன்னியே?"

"மேப்பு போடறப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பிச் சரிபார்த்தேன். நம்ம வீட்டை மட்டும், எனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். பாவி!"

"அப்புறம் யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க ஏஐதான், அந்த இரட்டை ஊரைப் பார்த்துக்கறது. பின்னாடி தெருவுல வோல்டேஜ் இறங்கறப்பல்லாம் நம்ம மீட்டர்லயும் சேர்ந்தே இறங்குது, மேப்பு தப்புன்னு சொல்லித் தடுத்துடுச்சு. எலக்ட்ரிக் பஸ் டெப்போ பேட்டரியிலேர்ந்து கரண்ட் எடுத்துக்கலாம்னு வழியும் அதுவே காட்டுச்சு. யார் வீட்லயும் கரண்ட் போகலடா!"

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணால் பார்க்காத ஒன்றின்மேல் இப்படி நன்றி பொங்குமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என் பொண்ணுக்கே பாடம் எடுக்குதா? கெட்டிக்காரப் பயலா இருக்கானே" என்றார் அப்பா, மூச்சுக்கு நடுவே. சிரிக்கப்போய் இருமினார்.

வெயில் தாழ்ந்ததும் அக்கா ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், தூங்குகிறவர் மாதிரியே இருந்து, மூச்சு நின்றுவிட்டது.

இருவரும் அழுது ஓய்ந்த பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

முகம் கழுவி வருவதற்குள் அவள் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பையன்.

"மேடம், உங்க வீட்டு மெஷின் நின்னுபோச்சுன்னு இங்க சிவப்பா காட்டுது. கரண்ட் இல்லையா? உடனே ஆள் அனுப்பட்டுமா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு ஃபேனைப் பார்த்தாள்.

"கரண்ட் இருக்குப்பா" என்றாள்.