பழைய பிரிண்டருக்குப் பொறுப்பாளர்

என் வீட்டுக்காரர் திருவேங்கடம் எங்கள் தீவில் காத்ர் போர்ன் என்ற ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்த்தவர். தொண்ணூற்றேழில் அங்கே எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார்கள். அவர் படித்ததெல்லாம் பழசாகிவிட்டதாம். கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார்கள். மனிதர் சும்மா வந்தாரா? அவர்கள் குப்பையில் போட்ட பிரிண்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரான வக்குவாவில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோவிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பார். "இனிமே என்னால எதுக்கும் உதவியில்ல லட்சுமி. மோ ஃபினி." தன் கதை முடிந்துவிட்டது என்று தானே சொல்கிறவரை என்ன செய்வது? எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பிறகு இன்டர்நெட்டில் ஏதோ சாஃப்ட்வேரைப் பிடித்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தி மற்றவர்களுக்கும் கொடுக்கலாமாம். ஆனால் இவருடைய பழைய பிரிண்டரை அதற்குத் தெரியவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதற்கு வேண்டிய புரோகிராமை எழுதி, அதை உருவாக்கியவருக்கே அனுப்பினார்.

"இங்க குழா ஒழுகுது, நீங்க ஊருக்கு உழைக்கிறீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "லட்சுமி, வினி! கெத் சா!" என்று கத்தினார். வந்து பார் என்கிறாரே, எங்கே தீப்பிடித்ததோ என்று கரண்டியோடு ஓடினேன்.

சாஃப்ட்வேரை உருவாக்கிய க்ளெமான் கனடாவிலிருந்து பதில் போட்டிருந்தார். இவர் எழுதியதைச் சேர்த்துவிட்டாராம். பெருவில் ஒரு பள்ளிக்கூடமும் போலந்தில் ஒரு டாக்டரும் அதே மாதிரிப் பழைய பிரிண்டரில் இப்போது அச்சடிக்கிறார்களாம். 'இந்த பிரிண்டர் பகுதி எனக்குப் புரியாது. இனி நீங்களே பொறுப்பேற்க முடியுமா?' என்று கேட்டிருந்தார்.

"சம்பளம்?" என்றேன்.

"இல்ல."

"பின்ன?"

திரையைத் தொட்டுக் காட்டினார். "என்கிட்ட கேக்குறான் லட்சுமி. அவனுக்குத் தெரியாதாம். என்கிட்ட கேக்குறான்."

ஐம்பது வயது மனிதர் தேம்பி அழுதார். திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு பிடித்ததில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்தேன்.

"அந்த ஆள காக்க வைக்காதீங்க" என்றேன். "சரின்னு எழுதுங்க."