டூபாவைக் குளிப்பாட்டினோம்

என் கணவன் கோர்பினியன் ஜெர்மனியில் எங்கள் பவேரியக் கிராமத்து பேண்டில் முப்பத்திரண்டு வருடமாக டூபா ஊதுகிறான். அந்தப் பெரிய பித்தளைக் குழலை மடியில் வைத்தால் பாதி ஆள் காணாமல் போய்விடுவான். அப்படி ஊதுகிறவனுக்கு இந்த வசந்தத்தில் ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்கியது.

நகரத்து நுரையீரல் நிபுணர் டாக்டர் பிரான்ட்ல், சிடி ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். நுரையீரல் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"தினமும் ஏதோ ஒண்ணு உள்ள போய்ப் புண்ணாக்குது. பூஞ்சையோ, பறவை இறகோ. அதைக் கண்டுபிடிச்சு நிறுத்தலன்னா தழும்பாயிடும். அப்புறம் மீட்க முடியாது."

நான் பயந்து போனேன். இறகுத் தலையணைகளைத் தூக்கிப் போட்டேன். நிலவறைச் சுவரில் படிந்த பூஞ்சையைச் சுரண்டினேன். கோழிகளைத் தங்கைக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் அதே திட்டுகள்.

"வேற என்ன பழக்கம் உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"டூபா ஊதுவேன். ஆனா அதுல காத்து வெளியதானே போகுது!"

"மூச்சு இழுக்கும்போது வாயை எடுப்பீங்களா?"

"எடுக்க மாட்டேன். வாய் அதுலயேதான் இருக்கும்," என்றான் கோர்பினியன்.

"அதைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

"கழுவுறதா?" அவன் முகம் சிவந்தது. "எங்க பேண்டுல யாரும் கழுவ மாட்டோம் டாக்டர். கழுவினா தொனி போயிடும்!"

டாக்டர் பஞ்சுக் குச்சிகளைக் கொடுத்தனுப்பினார். குழலுக்குள் துடைத்தெடுத்துச் சோதித்தால், ஒரு குட்டித் தோட்டமே வளர்ந்தது. அத்தனையும் பூஞ்சை. மாத்திரை, மூன்று மாதம் ஊதக் கூடாது, குழலைக் கழுவ வேண்டும் என்றார்.

"வேற வைத்தியமே இல்லையா?" என்று கெஞ்சினான்.

"இருக்கு. நான் வேற புருஷன் தேடிக்கிறேன்," என்றேன்.

டூபாவைக் குளியல் தொட்டியில் இறக்கினோம். வெளிவந்த தண்ணீரின் நிறத்தைச் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவன் போல அவன் கதவருகே நடந்துகொண்டிருந்தான்.

"மெதுவாடி ஹெட்விக்! அது வலிக்கும்!"

"உனக்கா, அதுக்கா?"

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் திட்டுகள் மறைந்திருந்தன. டாக்டர் ஊதச் சம்மதித்தார். அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனான். பேண்டு மாஸ்டர், "புது டூபாவா? தொனி நல்லா இருக்கே!" என்றார். கோர்பினியன் அவரை முறைத்தான்.

வீடு திரும்பும் மேட்டில் அவன் ஆரம்பித்தான். தொனி போச்சு, முப்பத்திரண்டு வருஷச் செல்வத்தை சோப்பு நுரையில கரைச்சுட்ட, நீ எல்லாம் ஒரு பெண்டாட்டியா, பேண்டு மாஸ்டருக்குக் காது செவிடு... அடிவாரத்தில் தொடங்கியவன் உச்சிவரை ஓரிடத்தில்கூட நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் திட்டட்டும் என்று கூடவே நடந்தேன்.