ஆர்லனின் கையெழுத்து

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. பக்கத்துப் பண்ணை மார்வா.

"ஐரிஸ், டை கட்டிக்கிட்டு ரெண்டு பேரு வந்துட்டுப் போறாங்கடி."

"யாரு?"

"பதினெட்டு வருஷமா வாஷிங்டன்ல உக்காந்திருக்காரே, அவரோட வக்கீல் ஆளுங்க. நோரீனுக்காக நீ வாங்கின கையெழுத்துத் தாளக் காட்டி, 'இது உங்க வீட்டுக்காரர் போட்டதா?'ங்கறான்."

"நீ என்ன சொன்னே?"

"அடுப்புல சூப் இருக்குன்னு கதவச் சாத்திட்டேன்."

பேருந்துச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நோரீன் காஸ்கி எங்கள் ஊர் மாட்டு டாக்டர். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரான அந்த வாஷிங்டன்காரரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிறாள். வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமானால் தொகுதிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மார்வா வீட்டுக்குப் போனபோது அவள் வீட்டுக்காரர் ஆர்லன் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தார். தன் பெயரைப் போட்ட கையோடு அவர் பெயரையும் மார்வாவே போட்டாள். நாற்பது வருஷமாகக் காசோலை, விதைச் சோள ரசீது, கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து அவள் போட்டதுதான். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் அதுதான் வழக்கம். எனக்கு அது தப்பாகவே படவில்லை. நோட்டரி முன்னால் வலது கையைத் தூக்கி, 'எல்லாரும் என் கண்முன்னே தாங்களே போட்டது' என்று சத்தியமும் செய்துவிட்டேன். பொய்ச் சத்தியத்துக்குச் சிறை என்று அந்தத் தாளின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது.

நோரீனைக் கூப்பிட்டேன். "டாக்டரம்மா, ஒரு கையெழுத்து செல்லாதுன்னா?"

"ஒண்ணு போனா போகட்டும்க்கா. ஒரு தாளே செல்லாதுன்னா இருபது போயிடும். நமக்கு உபரி பதினாலுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் கன்னுக்குட்டிக்கு ஊசி போடப் போக வேண்டியதுதான்."

ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரெண்டு நாள் கழித்து, அந்தத் தாள் செல்லாது என்று அவர்கள் மனுப் போட்டதும், ஆர்லன் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "விசாரணையில நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன், ஐரிஸ்" என்றார்.

"போட்டுக் காட்டச் சொன்னா?"

"அதான் மார்வா சொல்லித் தர்றா, என் கையெழுத்த எப்படிப் போடறதுன்னு. 'எல்' மட்டும் இன்னும் சரியா வரல."

சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன்: "மாட்டினா உங்களையும் உள்ள தள்ளுவாங்க."

"தெரியும். தூக்கமே வரல."

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. முதலில் ஆர்லனைத்தான் கூப்பிட்டார்கள். உதைக்கிற பசுவிடமும் தயங்காத கை, சத்தியத்துக்குப் பாதி உயர்ந்து நின்றுவிட்டது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நிறுத்துங்க" என்று எழுந்தேன். "அவர் சத்தியம் பண்ண வேணாம். அது அவர் போட்டதில்ல. அவர் சம்சாரம் போட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அடிப்பாவி" என்று பின்னாலிருந்து மார்வா குரல்.

வாஷிங்டன்காரரின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "சத்தியமே பொய்! முழுத் தாளையும் தள்ளுங்க."

"மத்த பத்தொம்பதும் அவங்கவங்க போட்டது. கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

தேர்தல் அதிகாரி அந்தத் தாளை முன்னால் இழுத்து வைத்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரே ஒரு வரியை அடித்தார். "மத்ததுல தப்பு இருக்குன்னு யாரும் காட்டல. தாள் செல்லும். ஆனா, இந்தம்மா செஞ்ச சத்தியத்த அரசு வக்கீலுக்கு அனுப்பறேன். வழக்குப் போடறதா வேணாமான்னு அவர் பாத்து முடிவு பண்ணுவார்."

வெளியே வந்ததும் நோரீன் என் கையைப் பிடித்தாள். "என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களையும்ல கூண்டுல ஏத்தியிருப்பான்."

அவள் பெயர் வாக்குச்சீட்டில் வந்துவிட்டது. நான்தான் தபால் வண்டி சத்தம் கேட்டாலே, அரசு வக்கீலின் கடிதம் வந்துவிட்டதா என்று வாசலுக்கு ஓடுகிறேன். மார்வா தினமும் கூப்பிடுகிறாள்.

"வந்துச்சாடி?"

"இல்ல."

"வராதுடி."

"வரும், மார்வா."

"வந்தா நீயா பிரிக்காத. நான் வந்துடறேன்."