பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உக்குவளை ஊர் டொறீன், புருஷனின் அடக்கத்தன்று போட்டோவில் சிரித்துவிட்ட கதையைச் சொல்கிறேன். முழுசாகச் சொல்லாமல் உங்களை எழுந்திருக்க விடமாட்டேன்.

நம்முடைய வேதக்காரச் சனத்திடம், கிறிஸ்தவர்களிடம், ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடுமுன் வீட்டார் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். புருஷன் நோபர்ட்டின் தலைமாட்டில் டொறீன் நின்றாள். பக்கத்தில் ஒரே மகள் ரொஷானி, கால்மாட்டில் நோபர்ட்டின் தங்கை டயனா. போட்டோக்காரர் கமராவைத் தூக்கினார். டொறீன் பல் தெரியச் சிரித்தாள். சிரித்தது அவளுக்கே தெரியாது.

அந்தப் போட்டோ சொந்தக்காரர்களின் போன்களிலெல்லாம் சுற்றியது. அந்த வாரமே டயனா வத்தளையிலிருந்து வேனோடு வந்து நின்றாள்.

"அண்ணன் பெட்டிக்குள்ள கெடக்காரு, அண்ணிக்குப் பல்லக் காட்ட வருது. கெளம்பு ரொஷானி. இந்த வீட்டுல எங்கண்ணனுக்காக அழ ஒரு ஆளு இல்ல."

ரொஷானி பையைக் கட்டிவிட்டாள். டொறீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள். மகள் போகிறாள் என்று தெரிந்தது. தடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கை மடியிலேயே கிடந்தது, வேறு யாருடையதோ போல.

ரொஷானி கண்டியில் உளவியல் படிக்கிறாள். "அப்பா அகமுகி, தனக்குள்ளயே இருப்பாரு; நீங்க புறமுகி, சனத்தோடயே இருப்பீங்க" என்று முன்பெல்லாம் தாயைச் சீண்டுவாள். "ஆமாடி, சந்தையில பொறந்தவ நான்" என்று டொறீன் கைதட்டிச் சிரிப்பாள். இப்போது அதே பேச்சு வேறு மாதிரி வந்தது.

"ஆளோட குணம் எங்க போனாலும் மாறாதுன்னு படிச்சேன்மா. செத்த வீட்டுலயும் உங்களுக்கு அதே குணந்தானா? அப்பா மேல ஒண்ணுமே இல்லையா?"

"தெரியல்ல, புள்ள."

"வெளிய ஒரு முகம் வச்சிருப்பாங்க, உள்ள வேற இருக்கும்னும் சொல்லியிருக்காங்க. உள்ள என்னதான் இருக்கு?"

"உள்ள போய்ப் பாத்தேன் மகள். அங்க யாருமில்ல. அழலாம்னு ஒக்காந்து பாத்தேன். பசிகூட வரல்ல."

ரொஷானி போனை எடுத்துத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரிக்கச் சொல்லவில்லை. டொறீனின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, கன்னம் ஏறியது, பல் தெரிந்தது. கண் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தது. ரொஷானி போனை இறக்கிய பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. ஆள் போன அறையில் அணைக்காத விளக்குப் போல எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, போதும்." மகள் உள்ளங்கையால் தாயின் வாயைப் பொத்தினாள். "போதும்மா. நீங்க சிரிக்கவேயில்ல. கமராவக் கண்டதும் முகந்தான் பழக்கத்துல தானாச் சிரிக்குது."

வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது.

"அத்தை, நான் வரல்ல!"

"என்னடி, ஒன்னையும் சிரிச்சு மயக்கிட்டாளா?"

"நீங்க போங்க அத்தை. அம்மாவுக்குச் சொகமில்ல."

வேன் போனது. டொறீனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. ரொஷானி சோற்றைக் குழைத்து ஒரு வாய் ஊட்டினாள். டொறீன் மென்றாள். ருசி இல்லை. இன்னொரு வாய்க்கும் வாயைத் திறந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீடுகளில், பிள்ளைகளே, சிரிக்க முடியாதவருக்கும் அழ முடியாதவருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். உங்கள் உலையில் அரிசி குறையாமல் ஆண்டவர் காக்கட்டும்.