ஜகதாம்பாளின் கல்வாழை

கல்கத்தாவில், காளிகாட் சந்து வீடொன்றின் கொல்லையில் ஜகதாம்பாள் கல்வாழை வளர்த்தாள். புது நிறப் பூ வேண்டுமென்று 1909-இல் தொடங்கியது. விடியற்காலையில், மொட்டு விரியுமுன் பிரித்து, மகரந்தப்பையைக் கிள்ளியெறிந்து, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டுவாள். கருங்குண்டு போன்ற விதைகளின் தோலைக் கல்லில் தேய்த்து விதைப்பாள். மூன்று வருஷமாக முளைத்தவையெல்லாம் பழைய சிவப்பும் மஞ்சளுமாகவே பூத்தன. பிடுங்கிப் போட்டாள். ஒன்றே ஒன்று வெண்ணெய் நிறத்தில், நடுவே ரத்தச் சிவப்போடு பூத்தது.

கணவர் மஹாதேவன் வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய துரை பூவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மஹாதேவன் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"துரை இதைப் புஷ்பக் கண்காட்சியில வைக்கப்போறாராம். பூவுக்குத் துரைசானி பேராம். ஞாயித்துக்கிழமை வண்டி வரும், புதரோட பேத்துக் குடுத்துடணும்."

"யாரைக் கேட்டு சரின்னேள்?"

"எனக்குப் பெரிய உத்யோகம் வரப்போறதுடீ!"

"அது உங்க உத்யோகம். இது என் செடி."

சனிக்கிழமை அவர் ஆபீஸ் போனதும் புதரைத் தோண்டினாள். ஒன்பது கிழங்குகள். பூத்திருந்த ஒன்றைத் தொட்டியில் வைத்துக்கொண்டு, மற்ற எட்டையும் சந்திலிருந்த எட்டு வங்காளி வீடுகளுக்குக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் கொடுத்துட்டா உனக்கு என்ன மிச்சம்?" என்றாள், அவள் 'தீதி', அக்கா, என்று வங்காளியில் கூப்பிடும் எதிர்வீட்டு மோக்ஷதா.

"இனிமே ஒருத்தராலயும் மொத்தமா தூக்கிண்டு போக முடியாது, தீதி. அது போதும்."

ஞாயிறன்று வந்த வண்டி குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது; தொட்டி எதிர்வீட்டில் இருந்தது. மஹாதேவன் அன்று சாப்பிடவில்லை.

கண்காட்சிக்கு மோக்ஷதாவோடு குதிரை வண்டியில் தானே தொட்டியைக் கொண்டுபோனாள். அங்கிருந்த எழுத்தர் சீட்டில் 'மிஸஸ் மஹாதேவன்' என்று எழுதினார்.

"அடிச்சுட்டு ஜகதாம்பாள்னு எழுதுங்கோ. செடியை உண்டாக்கினவ நான். பூவுக்குக் காளிகாட்னு பேர்."

துரை அந்தப் பக்கம் வந்து, சீட்டைப் படித்து, அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவர்தான் நகர்ந்து போனார்.

பரிசு கிடைக்கவில்லை. உத்யோகமும் வேறொருவருக்குப் போனது. மஹாதேவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மழைக்காலத்தில் எட்டு வாசல்களிலும் வெண்ணெய் நிறப் பூ நின்றது. ஒரு சாயங்காலம் அவர் கொல்லைப்பக்கம் வந்தபோது அவள் மறுபடி மொட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எதுக்குடீ இந்தப் பாடு?"

"சுத்த வெள்ளை இன்னும் வரலையே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.