லோபாக்கில் வாங்கிய வீடு

குமுதவல்லி குசினியில் அடுப்படிச் சுவரை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சாயம் அடித்தும் மஞ்சள் கறை உள்ளிருந்து கசிந்து வந்தது. பூனை மூத்திரம் போல ஒரு நெடி. கண் எரிந்தது. அவளும் லோரி ஓட்டும் கணவன் சன்னாசியும் சேமநிதிப் பணத்தையெல்லாம் போட்டு, மிச்சத்துக்குப் பேங்கில் கடன் எடுத்து, வாடகைக்கு விடுவதற்கென்று வாங்கிய வீடு.

பின்வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாலேஸ்வரி டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிள்ளை, வீடு வித்த ஏஜெண்ட் உமக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

"என்ன டீச்சர்?"

"உந்தக் குசினியிலதான் முந்தி இருந்தவங்கள் ஷாபு எண்ட போதைமருந்து காய்ச்சினவங்கள். போலீஸ் முகமூடி போட்டுக்கொண்டு வந்துதான் எல்லாத்தையும் தூக்கினது. வெறுங்கையால தேய்க்காதையும்."

குமுதவல்லி கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. இதே கையால்தான் காலையில் சோறு பிசைந்திருந்தாள்.

சன்னாசி போனை எடுக்கவில்லை. ஏஜெண்ட் எடுத்தான்.

"அது பழைய கதை லா அக்கா. இன்னொரு கோட் பெயிண்ட் அடிங்க. வித்தவரு ஊர்லயே இல்ல. இப்ப வாடகைக்கு வீடு பாக்க ஆள் வருது, வாயத் தொறந்துடாதீங்க."

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தங்கராஜு மோட்டார் சைக்கிளில் மனைவியோடு வந்து இறங்கினான். அவள் இடுப்பில் தவழும் வயதுக் குழந்தை. குமுதவல்லி குழந்தையையே பார்த்தாள். சொன்னால் வீடு பூட்டியே கிடக்கும்; பேங்க்காரன் விடமாட்டான். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"இந்த வீடு வேணாம்மா," என்றாள். "இங்க ஷாபு காய்ச்சிருக்காங்க. செவுத்துலயே வெஷம் ஊறிருக்கு."

தங்கராஜு மனைவியைப் பார்த்தான். அவள் குசினிக்குள் வந்து குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, மூடியிருந்த சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"தோட்டத்துல நாங்க இருக்கற லயத்து வீட்டயெல்லாம் இடிக்கிறாங்கக்கா. கரண்ட வெட்டிட்டாங்க. வேற எங்கயும் எங்களுக்குக் கட்டுப்படியாகல," என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அப்படின்னா வாடகைய கொஞ்சம் கொறைச்சிக்குவீங்களா?"

சுவர் கழுவிய தண்ணீர் வழிந்திருந்த தரையில் குழந்தை இரண்டு கைகளையும் ஊன்றித் தவழ்ந்தது. நின்றது. ஈரக் கையை வாய்க்குக் கொண்டுபோனது.

குமுதவல்லி பாய்ந்து தூக்கினாள். குழந்தை வீறிட்டது. அதன் கையைக் கழுவ ஓடியவள், குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. ஷாபுக் கழிவைக் கொட்டிக் கொட்டித் தொட்டியின் அடித் தகரம் அரித்துக் கறுத்திருந்தது; தண்ணீர் அதில் பட்டுத் தெறித்தது. குழந்தையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி, அந்தத் தண்ணீரில் நீட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.